திறக்கட்டோ, சுவாமி?

மாரிக்வில், சிட்னி
16.11.1975

அன்புள்ள அக்காவுக்கு,

கேதீஸ் எழுதுவது. தடிமனும் மூக்கடைப்பும் விட்டுவிட்டன, சாப்பாடு இறங்குகிறது. நீங்களும் அத்தானும் குட்டி ரஞ்சினியும் சுகம் என்ற எண்ணத்தோடுதான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

கிளப்பில் கோப்பை கழுவும் வேலையை விட்டுவிட்டேன். துரத்தவில்லை, பயப்படாதீர்கள். அதே கிளப்பில் இப்போது மேடையில் வேலை. சிரிக்காமல் வாசியுங்கள்.

இங்கே ஒவ்வொரு பகுதிக் கிளப்பிலும் வார இறுதியில் ‘வெரைட்டி’ நடத்துகிறார்கள். ஒரு பகிடிக்காரன், மினுங்கும் சட்டை போட்ட பாட்டுக்காரி ஒருத்தி, நாய்களை வைத்து வித்தை காட்டும் கிழவன் ஒருவன். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். கடைசி ஆட்டம் றெக்ஸ் என்பவனுடையது. முப்பது வருடம் பெரிய அரங்குகளில் செய்தவன். அவற்றை மூடிவிட்டார்கள். இப்போது சூதாட்ட மெஷின்களுக்குப் பக்கத்து மண்டபங்களில் செய்கிறான். ஆட்டத்தின் பெயர் ‘உயிரோடு புதைக்கப்பட்ட சுவாமி’. சுவாமியாக இருந்தது அவனுடைய மச்சான், முகத்தில் சப்பாத்துப் பொலிஷ் பூசிய வெள்ளைக்காரன். அவனுக்கு நாரி பிடித்து, படுத்தால் எழும்ப முடியாமல் போய்விட்டது. குசினிக் கதவால் எட்டிப் பார்த்த றெக்ஸ் என்னைக் கண்டான்.

“நீ இந்தியனோ?”

“இல்லை, சிலோன்.”

“சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான், மேட்.”

என் நிறம் வெளிச்சத்தில் போதாதென்று றெக்ஸின் மனைவி டோரீன் எனக்கும் கபிலக் கிறீம் பூசுகிறாள். அதையும் எழுதிவிட்டேன், இனி நீங்கள் சிரிக்கலாம்.

முதல் நாள் றெக்ஸ் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு “சுவாமி, ஆயத்தமோ?” என்று இங்கிலீசில் கேட்டான். பயத்தில் எனக்கு இங்கிலீசு ஓடிவிட்டது. வீட்டில் சொல்வதுபோல “ஓம்” என்றேன். மண்டபம் அடங்கிவிட்டது. முன்மேசையில் ஒரு கிழவி கைகூப்பினாள். நீள்முடி வைத்த ஒருவன் “ஓ...ம்” என்று திருப்பி இழுத்தான். நான் சொன்னது வெறும் ‘யெஸ்’. அவர்கள் மந்திரம் என்று கேட்டார்கள். பிறகு றெக்ஸிடம் அர்த்தத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். “அதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. இனி மேடையில உனக்கு அந்த ஒரு சொல்லுத்தான்.”

என் பாஸ்போர்ட்டையும் அவன்தான் வாங்கி வைத்திருக்கிறான். வீசா முடிந்தது அவனுக்குத் தெரியும். தன்னிடம் இருந்தால் பாதுகாப்பு என்கிறான்.

அத்தானுக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புத் தம்பி,
கேதீஸ்வரன்


டண்டினொங்
2.12.1975

என் அன்புத் தம்பி கேதீசுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். ரஞ்சினிக்குப் பல் முளைக்கிறது, வீடு முழுக்க அழுகை. உன் சுகத்தை எழுதியிருந்தாய், ஆனால் எனக்கு அது சுகம் மாதிரித் தெரியவில்லை.

பெட்டிக்குள் படுப்பது என்ன வேலையடா? எதைப் போட்டுப் புதைக்கிறார்கள்? மூச்சு எப்படி விடுகிறாய்? பகிடி எழுதினாய், அதை மட்டும் எழுதவில்லை.

பாஸ்போர்ட்டை ஏன் கொடுத்தாய்? நான் தகரப்பேணித் தொழிற்சாலையில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் நிற்கிறேன். இவர் எஞ்சினியர் என்று வந்து, மற்றவன் கீறிய படத்தைத் திரும்பக் கீறிக்கொண்டிருக்கிறார். ஆனால் எங்கள் பாஸ்போர்ட் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. உடனே திருப்பி வாங்கு.

இவருக்குச் சொல்லவில்லை. டொக்டர் கணேசலிங்கம் வீட்டில் மாதாமாதம் தமிழாட்கள் கூடும்போது, தன் மச்சான், அதாவது நீ, கணக்கியல் கடைசிச் சோதனை எழுதுகிறாய் என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

அங்கே சனங்கள் எப்படி? உன்னை மரியாதையாக நடத்துகிறார்களா?

எப்போதும் உன்னை நினைக்கும்,
அக்கா வைதேகி


மாரிக்வில்
14.12.1975

அன்புள்ள அக்கா,

நான் சுகம். ரஞ்சினியின் பல்லைப் பற்றி வாசித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன்.

பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறடி மரப்பெட்டி. முகத்துக்கு நேரே தடித்த கண்ணாடி. என்னைப் படுக்கவைத்து, கழுத்துவரை மணல் நிரப்பி, மூடி, சனத்தில் ஒருவனைக் கூப்பிட்டுப் பூட்டுப் போடச் சொல்வார்கள். மூடிக்கு மேலும் அவர்களே வாளியால் மணல் கொட்டுவார்கள், கண்ணாடியை மட்டும் விட்டு. காதுக்குப் பக்கத்தில் ஒரு றப்பர்க் குழாய் இருக்கிறது. மேடைக் கம்பளத்துக்குக் கீழே ஓடித் திரைக்குப் பின்னால் முடிகிறது. அதால் காற்று வரும். வாய்க்குப் பக்கத்தில் சின்ன ஒலிவாங்கி. எட்டு நிமிடம். றெக்ஸ் மூன்று தரம் “திறக்கட்டோ, சுவாமி?” என்று கேட்பான். முதல் இரண்டுக்கும் நான் பேசக்கூடாது. மூன்றாவதற்கு “ஓம்” என்பேன். திறப்பான். அவ்வளவுதான்.

சனங்களைப் பற்றிக் கேட்டீர்கள். போருக்குப் போய் வந்த கிழவர்கள், தலைமயிரைச் சுருட்டிக் கட்டிய மனைவிமார், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் முறிந்தவர்கள். நான் மணலுக்குள் கிடக்கும்போதே ஆட்டிறைச்சித் தட்டுப் பரிசுக்குச் சீட்டுக் குலுக்கல் நடக்கும். “நம்பர் நாற்பத்தேழு!” என்று பெட்டிக்குள் கேட்கும். பகிடிக்காரன் இத்தாலியனைக் கேலி பண்ணுவான், கிரேக்கனைக் கேலி பண்ணுவான், பிறகு என்னிடம் வருவான். “விடு றெக்ஸ், திறவாதை! ஒராள் குறையட்டும்!” அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கா. வாரம் முழுக்க ஒருவன் அவர்களை மிதிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு பெட்டி தேவைப்படுகிறது. ஆனால் பெட்டிக்குள் இருப்பவனுக்கு இந்த நியாயம் விளங்கி என்ன பயன்?

றெக்ஸ் ஒரு பாடம் சொன்னான். “பியர்க் கிளாசுக்குக் கீழ வைக்கிற மட்டையை எறிஞ்சால் பயப்பிடாதை, உன்னைப் பாக்கினம். கதிரையைத் திருப்பினால்தான் பயப்பிடு.” போன வாரம் பாதிக் கதிரைகள் திரும்பின. பாதிப்பேர் மெஷினுக்குப் போய்விட்டார்கள். எட்டு நிமிடம் போதாதாம், பன்னிரண்டு ஆக்கப்போகிறான்.

பாஸ்போர்ட்டைக் கேட்டேன். புதுவருடம் முடியட்டும் என்றான்.

அத்தானை நான் கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டாம்.

கேதீஸ்


மாரிக்வில்
11.1.1976

அன்புள்ள அக்கா,

வாழ்த்து மட்டை வந்தது. வெயில் தாங்கவில்லை, மற்றபடி சுகம்.

சின்ன விஷயம் ஒன்று நடந்தது. எழுதாமல் விடலாமென்று பார்த்தேன். எழுதாவிட்டால் அது பெரிதாகிக்கொண்டே போகிறது.

போன ஞாயிறு மணல் கொட்ட வந்த பாரமான மனிதர் ஒருவர் இறங்கிப் போகாமல் மேடையிலேயே கதிரை போட்டு இருந்துவிட்டார். கதிரைக்கால் கம்பளத்தில், குழாய்க்கு நேர் மேலே. எனக்குக் காற்று நின்றது. முதலில் காது அடைத்தது. பிறகு கண்ணாடி ஆவி பிடித்து மண்டபம் மறைந்தது. றெக்ஸ் முதல் தரம் “திறக்கட்டோ, சுவாமி?” என்றான். உடனே “ஓம்” என்றேன். திறக்கவில்லை. “ஓம், ஓம், ஓம்” என்றேன். மூச்சு முட்டும்போது இங்கிலீசு வராது, அக்கா. ‘ஹெல்ப்’ என்ற சொல் எங்கே போனதென்று தெரியாது.

பக்கத்து அறையில் மெஷின்கள் நின்றனவாம். கோப்பையோடு வந்து வாசலில் நின்று பார்த்தார்களாம். நான் ஓம் என்று சொல்லச் சொல்ல, அவர்களும் ஓம் என்றார்கள். அந்த மனிதர் கைதட்ட எழும்பியபோது கதிரை நகர்ந்தது, காற்று வந்தது.

எழுந்து நின்று தட்டினார்கள். இரண்டு மாதத்தில் அது முதல் தரம். ஒரு கதிரைகூடத் திரும்பவில்லை. திரைக்குப் பின்னால் றெக்ஸ் என் தோளில் தட்டினான்.

“இண்டைக்குத்தான் நீ நடிச்சனி.”

“நான் நடிக்கேல்லை. காத்து வரேல்லை.”

“அதுதான், மேட்,” என்றான்.

அந்த ‘அதுதான்’ என்னோடு அறைக்கு வந்து ஒரு வாரமாகப் போகாமல் நிற்கிறது.

வேறு விசேஷம் இல்லை. உங்களுக்கு முதுகுவலி எப்படி?

கேதீஸ்


டண்டினொங்
1.2.1976

தம்பி கேதீசுக்கு,

என் முதுகைக் கேட்டாய். அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தை வேலைத்தளக் கழிப்பறையில் வைத்து வாசித்தேன். மணி அடித்தும் நான் வெளியே வரவில்லை என்று மேற்பார்வைக்காரி கதவைத் தட்டினாள்.

இதனுடன் பேப்பர்த் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். போன வருட முடிவுக்குள் வீசா முடிந்து ஒளிந்திருப்பவர்கள் ஏப்ரல் முடிவதற்குள் போய்ப் பதிந்தால் மன்னித்து இருக்கவிடுவார்களாம். இரண்டு தரம் வாசித்தேன், இவரைக் கொண்டும் வாசிப்பித்தேன். வேறொருவனுக்கு என்று சொல்லித்தான். “ஆளைப் பிடிக்கிற வலையாயும் இருக்கலாம்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஆருக்கு?” என்றார். ரஞ்சினி அழுததால் நான் எழுந்து போய்விட்டேன்.

வலையாக இருந்தாலும் அந்தப் பெட்டியைவிட இது மேல். பாஸ்போர்ட்டை வாங்கு. வாங்கிக்கொண்டு இங்கே வா. இவருக்கு நான் எப்படியாவது சொல்லுகிறேன்.

இனிப் பெட்டிக்குள் போகமாட்டேன் என்று ஒரு வரி எழுது.

கலங்கியிருக்கும்,
அக்கா


மாரிக்வில்
22.2.1976

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்ட வரியை எழுத முடியவில்லை. அதனால்தான் மூன்று வாரம் எழுதவில்லை.

பேப்பர்த் துண்டை றெக்ஸிடம் காட்டினேன். சிரிக்கவில்லை. மெதுவாகப் பேசினான். “பாஸ்போர்ட்டோட அங்க போய் நிப்பாய். பின்னால கதவைப் பூட்டுவாங்கள். உனக்குப் பூட்டைப் பற்றித் தெரியாதோ?” ஏப்ரல் நடுப்பகுதி வரை கிளப்புகள் ஒப்பந்தமாகிவிட்டன, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றான். பாஸ்போர்ட் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றான். ஓடினால் ஒரு ரெலிபோன் போதும் என்று அவன் சொல்லவில்லை. ரெலிபோனைப் பார்த்தான்.

இனி எழுதப்போவதை அத்தானுக்குக் காட்டவேண்டாம். கதிரைச் சம்பவத்துக்குப் பிறகு ஏழு காட்சிகள். ஏழிலும் சில நேரம் காற்று நின்றது, திரும்பி வந்தது. மேடையில் யாருக்கும் கதிரை கொடுக்கவில்லை. நேற்று றெக்ஸின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பேசிக்கொண்டே மூன்று அடி இடப்பக்கம் நகர்ந்து, கம்பளத்துக்குக் கீழே குழாய் ஓடும் இடத்தை மிதிக்கிறான். காற்று நிற்கிறது. என் குரல் மாறுகிறது. சனம் அடங்குகிறது. ஒரு அடி வலப்பக்கம். காற்று வருகிறது.

அவன் என்னைக் கொல்ல விரும்பவில்லை, அக்கா. அதுதான் எனக்குப் பயம். கொல்ல விரும்பினால் ஒரு தரத்தோடு முடிந்துவிடும். அவனுக்கு நான் ஒவ்வொரு வாரமும் தேவை. சனத்துக்குப் பழகப் பழக அவன் கால் கொஞ்சம் கூட நேரம் நிற்கிறது.

மார்ச் 27 சனிக்கிழமை பின்னேரம் உங்கள் பக்கத்து மண்டபத்தில் காட்சி. உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ். நீங்கள் வரவேண்டாம். கிறீம் பூசி என்னைப் பார்க்கவேண்டாம்.

கேதீஸ்


டண்டினொங்
14.3.1976

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சொன்னபடி வரமாட்டேன். அன்றைக்கு எனக்கு மேலதிக வேலையும் இருக்கிறது.

காட்சி முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வா. பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வா. நண்டுக் கறி வைக்கிறேன்.

அக்கா


மாரிக்வில்
4.4.1976

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

உங்கள் ஊர் மண்டபம் நிரம்பியிருந்தது. ‘த பேசின்’ என்ற மலைப்பக்க ஊரிலிருந்து மணிமாலை போட்ட இளம் ஆட்கள் இரண்டு வான் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பகிடிக்காரனுக்குச் சிரிக்கவில்லை, எனக்காகக் காத்திருந்தார்கள். றெக்ஸுக்கு அது பிடித்தது. பதினெட்டு நிமிடம் என்று அறிவித்தான். என்னிடம் சொல்லவில்லை.

அவன் கால் நகர்வதைக் கண்டேன். பிறகு கண்ணாடி ஆவி பிடித்தது. “திறக்கட்டோ, சுவாமி?” ஓம் என்றேன். மண்டபம் முழுக்க ஓம் என்றது. ஐந்நூறு பேர், கண்ணை மூடி, பக்தியோடு. நான் திற என்கிறேன், அவர்கள் எனக்கு மேலே பாடுகிறார்கள். இரண்டாம் தரம் கேட்டான். ஓம் என்று கத்தினேன். அவர்கள் இன்னும் இனிமையாகப் பாடினார்கள். சிட்னியில் பகிடி பண்ணினவர்கள் எனக்கு இவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

அப்போது ஒரு குரல் கேட்டது. பெண்குரல், தமிழில். “திறவுங்கோ! அவன் ஓம் எண்டுறான், திறவுங்கோ!” பிறகு பெரிய கைதட்டல். பிறகு அந்தக் குரல் இல்லை. பிறகு எனக்கு எதுவும் இல்லை.

கண் திறந்தபோது மண்டபத்தின் பின்புறம், பியர்ப் பீப்பாய்களுக்கு நடுவில். பக்கத்தில் டோரீன், கையில் சுத்தியல். அவள்தான் கண்ணாடியை உடைத்தாளாம். நெற்றியில் மூன்று தையல், வேறொன்றுமில்லை. “இருபது வருசம் என்னைப் பெட்டிக்குள்ள போட்டு மேடையில ரெண்டா அறுக்கிற வித்தை காட்டினவன். உண்மையாக் கத்துற சத்தம் எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும்,” என்றாள். மறுநாள் காலை பாண் சுற்றிய கடதாசிக்குள் என் பாஸ்போர்ட்டைத் தந்தாள். அவளும் தன் தங்கை வீட்டுக்கு, குயின்ஸ்லாந்துக்குப் போகிறாளாம்.

உங்கள் வீட்டுத் தெரு முனைவரை வந்தேன். அத்தானின் கார் வாசலில் நின்றது. நீங்கள் மண்டபத்துக்கு வரவில்லை என்றால் உங்களிடம் என்ன சொல்வது? வந்திருந்தால், என்ன சொல்வது? திரும்பி ரயில் ஏறிவிட்டேன்.

அது உங்கள் குரலா, அக்கா?

கேதீஸ்


மாரிக்வில்
25.4.1976

அன்புள்ள அக்கா,

பதில் வரவில்லை. ரஞ்சினிக்குச் சுகமில்லையா? உங்களுக்கா?

பதிந்துவிட்டேன். குடிவரவுக் கந்தோரில் நீண்ட வரிசை. தொங்காக்காரர், பீஜிக்காரர், கிரேக்கர், சீனச் சமையற்காரர். பக்கத்தில் நின்றவனின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் நாங்கள் நுழைந்த கதவிலே இருந்தது, பூட்டுகிறார்களா என்று. பூட்டவில்லை. ஒரு பெண் என் பெயரை மூன்று விதமாகப் பிழையாக வாசித்து, ஒரு தாளைத் தந்து, அடுத்த ஆள் என்றாள். வெளியே வந்து நடைபாதையில் குந்திவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். அத்தான் எடுத்தார். “வைதேகி வேலைக்குப் போட்டா. சோதினை எப்பிடி?” என்றார். நல்லது என்றேன்.

என்ன பதிலானாலும் எழுதுங்கள்.

கேதீஸ்


டண்டினொங்
9.5.1976

தம்பி,

சுகம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நெற்றித் தையல் வெட்டியாகிவிட்டதா?

என் குரல்தான்.

மேலதிக வேலை என்று இவருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். கடைசிக்கு இரண்டாவது வரிசை. மூன்று மேசை தள்ளி டொக்டர் கணேசலிங்கத்தின் மனைவி சத்தியபாமா, தன் ஆஸ்பத்திரிச் சிநேகிதிகளோடு. கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன்னைப் படுக்கவைத்ததைப் பார்க்கவில்லை, அவ என்னைக் காணுகிறாவா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் நின்றவன் முதல் தரம் கேட்டபோது உன் ‘ஓம்’ எனக்கு விளங்கியது. சின்ன வயதில் கிணற்றடியில் கால் வழுக்கியபோது உனக்கு வந்த குரல். ஐந்நூறு பேரில் அது விளங்கியது இரண்டு பேருக்கு. ஒருத்தி நான். மற்றவ சத்தியபாமா. அவவுக்கும் யாழ்ப்பாணம்தானே? நான் அவவைப் பார்த்தேன், அவ எழும்பட்டும் என்று. அவ கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

இரண்டாம் தரம்தான் எழும்பினேன். இங்கிலீசு வரவில்லை. நீ எழுதினாயே, அதே மாதிரி. தமிழில் கத்தினேன். உடனே விளக்கை என் பக்கம் திருப்பினார்கள். உன் றெக்ஸ் கையை நீட்டி, “சுவாமியின் சிஷ்யை!” என்றான். மண்டபம் முழுக்க எனக்குக் கைதட்டியது. முன்னால் இருந்த பெண் திரும்பி, “எவ்வளவு அழகு,” என்றாள்.

அவர்கள் தட்டத் தட்ட நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெளிச்சத்தில், நீ உள்ளே கிடக்க, நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன், தம்பி. கை தானாகப் போனது. அவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று.

அந்தப் பெண் சுத்தியலோடு ஓடியதைக் கண்டேன். உன்னைத் தூக்கியபோது தலை தொங்கியது. பக்கக் கதவால் வெளியேறி பஸ் ஏறினேன். நீ உயிரோடு இருக்கிறாயா என்று பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம். உன் நான்காம் திகதிக் கடிதம் கிடைக்கும்வரை பத்து நாள் நான் பேணிகளை எண்ணிப் பெட்டிகளில் அடுக்கினேன். இவருக்குச் சாப்பாடு போட்டேன். வானொலிச் செய்தியை நிறுத்திவைத்தேன்.

போன கிழமை டொக்டர் வீட்டில் சத்தியபாமா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டா. “நல்லாய்ச் செய்தனீங்கள் வைதேகி. உங்களை எவ்வளவு நாளாய் அவையள் பழக்கினவை?” என்று கேட்டா. கேட்டுவிட்டு என்னை நேரே பார்க்கவில்லை. நானும் இரண்டு கிழமை என்றேன்.

இனி எனக்கு நீ எழுதாவிட்டாலும் சரி.

வைதேகி


மாரிக்வில்
30.5.1976

அன்புள்ள அக்கா,

தையல் வெட்டியாகிவிட்டது. அடையாளம் இருக்கும் என்கிறார்கள்.

உங்கள் கடிதத்துக்கு மூன்று வாரம் பதில் எழுத முடியவில்லை. முதல் வாரம் கோபம். இரண்டாம் வாரம் அதை நானே மேடையிலிருந்து பார்ப்பது மாதிரி மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் வேறொன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ரயில்நிலையச் சுவரில் விளம்பரம் கண்டேன். ‘உயிரோடு புதைக்கப்பட்ட சுவாமி. இருபது நிமிடம்.’ மண்டபத்தின் பின்கதவால் போனேன். கபிலக் கிறீம் பூசிக்கொண்டு ஒருவன் கதிரையில் இருந்தான். பெயர் சடகோபன், மெட்ராஸ்காரன், இருபத்திரண்டு வயது இருக்கும். அவனுக்கும் வீசா முடிந்துவிட்டது. ஆனால் முடிந்தது இந்த மார்ச்சில். மன்னிப்பு அவனுக்கு இல்லை.

“பாஸ்போர்ட் எங்கை?” என்று கேட்டேன்.

“மிஸ்டர் றெக்ஸ் பத்திரமா வச்சிருக்கார் சார்.”

குழாயைப் பற்றிச் சொன்னேன். சப்பாத்தைப் பற்றிச் சொன்னேன். நெற்றியைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான்.

“வேலை போன கோபமா சார்? எனக்கு முந்தி இருந்தவர் குடிச்சிட்டு உளறுவார்னு அவர் சொன்னார்.”

“ஓம் எண்டா என்ன எண்டு உமக்குத் தெரியுமோ?”

“ஏன் தெரியாது? பிரணவம். நாங்க ‘ஆமா’ன்னுதான் பேசுவோம், இது மேடைக்குன்னு அவர் கத்துக்குடுத்தார். உள்ள என்ன நடந்தாலும் இதை மட்டும் சொல்லுன்னார்.”

விளங்குகிறதா, அக்கா? அந்தச் சொல் எனக்காவது என் சொல்லாக இருந்தது. இவனுக்கு அதுவும் இல்லை.

பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்தவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பெட்டிக்குள்ள நீயாத்தானே போனனி?” என்றான். எழுதிக்கூட எடுக்கவில்லை. டோரீன் போய்விட்டாள். அந்த மேடையில் இப்போது உண்மைச் சத்தம் எதுவென்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அடுத்த காட்சி ஜூன் 13, ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. முன்வரிசையில் இருக்கப் போகிறேன். றெக்ஸின் கால் இடப்பக்கம் நகர்ந்ததும் எழும்பி, மேடையில் ஏறி, அந்தக் கம்பளத்தைச் சனத்துக்கு முன்னால் இழுத்து எடுத்துக் குழாயைக் காட்டவேண்டும். இவ்வளவுதான் வேலை. அறையில் பத்துத் தரம் எழும்பிப் பார்த்தேன். சுலபமாக இருக்கிறது, அறையில்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் உட்கார்ந்துவிட்டதாக எழுதிய இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். எழும்பினால் விளக்கு என்மேல் வரும். அவன் எனக்கும் ஒரு பெயர் வைப்பான். சனம் தட்டும். அப்போது என் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் கிடந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருக்கிறது.

தனியாக என்னால் முடியாது. சனி இரவு ரயிலில் ஏறினால் ஞாயிறு காலை இங்கே இறங்கலாம். அத்தானுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள், சொல்லாமலும் வாருங்கள், எப்படியாவது வாருங்கள். இரண்டு இடம் எடுத்து வைத்திருக்கிறேன், பக்கத்துப் பக்கத்தில். நான் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் என்னை இழுத்து எழுப்புங்கள். நீங்கள் உட்கார்ந்தால் நான் எழுப்புகிறேன்.

தம்பி,
கேதீஸ்